ரீகால் கடிதம் வந்தாச்சு, ஏர்பேக் எப்போ வரும்?

மலையில் ஓட்டுவதற்கு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர் முதலில் பார்ப்பது பிரேக், அப்புறம் கிளட்ச், அப்புறம் குனிந்து அடியில் துரு இருக்கிறதா என்று. சரிதான், ஊட்டி பக்கத்துக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்களைக் காப்பாற்றப் போவது பிரேக்தான். ஆனால் ஸ்டீயரிங்கின் நடுவே, உங்கள் நெஞ்சுக்கு நேராக, ஏர்பேக்கை ஊதவைக்கிற ஒரு சின்ன உலோக டப்பாவுக்குள் வெடிமருந்து மாதிரி ஒரு மருந்து அடைத்து வைத்திருக்கிறது, அந்த மருந்துக்கும் வயதாகும். அதைப் பற்றி வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. 2000-க்குப் பிறகு வந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் பல இந்த டப்பாவிலேயே குறையோடு வந்தவை. கம்பெனிகள் ரீகால் அறிவித்து, அதாவது குறையுள்ள கார்களைச் சரிசெய்யத் திரும்ப அழைத்து, பத்து வருடம் தாண்டிய பிறகும், மாற்றப்படாத ஏர்பேக்கோடு ஓடுகிற கார்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. ரீகால் அறிவிப்பது ஒரு நாள் வேலை. உங்கள் காரில் புது பாகம் ஏறுவது இன்னொரு நாள். நடுவில் இருக்கிற அந்தக் காலம்தான் ஆபத்தானது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஏர்பேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பலர் நினைப்பது போல உள்ளே காற்று எதுவும் அடைத்து வைத்திருக்கவில்லை. மடித்து வைத்த ஒரு நைலான் பை, அதன் பின்னால் இன்ஃப்ளேட்டர் என்கிற உலோக டப்பா, அதற்குள் வில்லை வில்லையாக அழுத்திய மருந்து, அதைப் பற்றவைக்க ஒரு சின்ன மின்திரி. கார் எங்காவது முன்பக்கமாக பலமாக மோதினால் சென்சார் சொல்லி, காரில் இருக்கிற கம்ப்யூட்டர் 15, 20 மில்லிசெகண்டுக்குள் முடிவெடுத்து, திரிக்கு கரன்ட் அனுப்பும். மருந்து எரிந்து வாயு கிளம்பி, இன்னொரு 30 மில்லிசெகண்ட் அளவில் பை முழுதாக நிரம்பிவிடும். கண் ஒரு தடவை சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இவ்வளவு வேகம் வேண்டும் என்பதால்தான் வெடிமருந்து மாதிரி ஒரு பொருளை உங்கள் முகத்துக்கு முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது. மருந்து எவ்வளவு வேகத்தில் எரிய வேண்டும் என்று கணக்குப் போட்டார்களோ, அந்த வேகத்திலேயே எரிகிற வரைக்கும் அது உயிர் காக்கும் சாமான். கணக்கை மீறி வேகமாக எரிந்தால் அழுத்தம் தாங்காமல் டப்பாவே வெடிக்கும். பைக்குள்ளிருந்து வாயுவோடு சேர்த்து இரும்புத் துண்டுகள் துணியைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். 2014-ல் ஃப்ளோரிடாவில் அப்படி ஒரு பெண் இறந்தபோது, கழுத்தில் இருந்த காயங்களைப் பார்த்து போலீஸ் முதலில் கத்திக்குத்து என்றே சந்தேகப்பட்டது. அந்தக் காரை எடுத்து வாருங்கள், மாற்றித் தருகிறோம் என்ற கடிதம் அவர் இறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் குறையோடு டப்பாவைச் செய்தது டகாட்டா என்கிற ஜப்பான் கம்பெனி. 1933-ல் நெசவுத் தொழிலாக ஆரம்பித்து, சீட் பெல்ட்டுக்கு வந்து, பிறகு ஏர்பேக்கில் உலகத்தின் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. 2000 வாக்கில் அவர்கள் மருந்தை மாற்றினார்கள். அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டார்கள், விலை குறைவு, எரிந்தால் நிறைய வாயு கொடுக்கும். மணலியில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று 2020-ல் சென்னையே பதறியதே, பெய்ரூட் துறைமுகத்தைத் தரைமட்டமாக்கியதே, அதே பொருள்தான். போட்டிக் கம்பெனிகள் இதை முக்கிய மருந்தாக வைக்கத் தயங்கின, காரணம் இதன் குணம். ஈரத்தை இழுக்கும், சூட்டுக்கு உள்ளே கட்டமைப்பு மாறும்.

நம் ஊரில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மூட்டையைப் பிரித்து ஷெட்டில் வைத்த உரம் ஒரு மழைக்காலம் கழித்து எப்படி இருக்கும்? குருணை குருணையாக உதிர்ந்தது ஈரம் இழுத்துக் கட்டியாகி, வெயில் பட்டுக் காய்ந்து, கை வைத்தால் பொடியாகும். இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கிற வில்லைக்கும் அதேதான் நடக்கிறது, என்ன, பல வருடம் எடுத்துக்கொள்கிறது. பகலில் பூட்டிய காருக்குள் சூடு ஏறுகிறது, இரவில் இறங்குகிறது, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் உள்ளே புகுந்த ஈரம் வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. கெட்டியாக இருந்த வில்லையில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. துளை கூடினால் தீப்பிடிக்கிற பரப்பு கூடும், பரப்பு கூடினால் கணக்கை மீறிய வேகத்தில் எல்லாம் எரியும். 2016-ல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. சொன்ன காரணமும் இதுதான்: ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கான ஈரப்பதம், திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் வெப்பம். இதை வைத்து அமெரிக்க மாநிலங்களை அவர்கள் மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஃப்ளோரிடா, டெக்சாஸ், ஹவாய் மாதிரி வெப்பமும் புழுக்கமும் சேர்ந்த இடங்கள் முதல் வரிசை.

இங்கேதான் மலைக்காரர்கள் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். "குன்னூர் குளிருக்கு எங்க சார் இதெல்லாம்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மூடுபனி நாளில் ஈரப்பதம் நூறு சதவீதம் என்று போன் காட்டினாலும், 15 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். சென்னையிலோ 30 டிகிரியில், 75 சதவீதம் என்று காட்டும்போதே 22, 23 கிராம் இருக்கும். வெப்பமும் குறைவு. அதனால் பிறந்ததிலிருந்து ஊட்டியிலேயே வளர்ந்த காருக்கு இந்தச் சிதைவு மெதுவாகத்தான் நடக்கும் என்று நம்பலாம். சரி, ஊட்டியிலேயே வளர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? நாம் வாங்குவதெல்லாம் சென்னை அடையாறிலோ கொச்சியிலோ வெட்டவெளி பார்க்கிங்கில் எட்டு, பத்து வருடம் வெந்துவிட்டு மேலே வருகிற வண்டி. சிதைந்த வில்லை குளிரில் வந்து தேறுவதில்லை. அமெரிக்காவிலும் அதனால்தான் கார் இப்போது எங்கே ஓடுகிறது என்பதோடு, இதற்கு முன் எங்கெல்லாம் பதிவாகி இருந்தது என்பதையும் பார்த்துத்தான் வரிசை போட்டார்கள். நீங்களும் ஆர்.சி.யில் முதல் பதிவு எந்த ஊர் என்று பாருங்கள்.

எண்ணிக்கையைச் சொன்னால்தான் தாமதம் ஏன் என்று புரியும். முதல் ரீகால் 2008-ல், ஹோண்டா சுமார் 4,000 கார்களை அழைத்தது. அது பெருகிப் பெருகி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்களை மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தது. உலக அளவில் 10 கோடி வரை சொல்கிறார்கள். அமெரிக்காவில் இறந்ததாக உறுதியானவர்கள் மட்டும் 28 பேர், காயம்பட்டவர்கள் குறைந்தது 400. மலேசியாவில் ஹோண்டா சிட்டி ஓட்டியவர்கள் இறந்திருக்கிறார்கள், அங்கே தட்பவெப்பம் நம் கடலோரத்தைப் போலத்தான். பரிசோதனை முடிவுகளைப் பல வருடம் மறைத்ததற்காக 2017 ஜனவரியில் டகாட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது, அதே வருடம் ஜூனில் திவால் மனு கொடுத்தது. தப்பு செய்த கம்பெனியே இல்லாமல் போனபோதும், அது செய்த டப்பாக்கள் கோடிக்கணக்கான ஸ்டீயரிங்குகளில் அப்படியே இருந்தன.

ஸ்போர்ட்ஸ் கார்களில் மஸ்டா ஆர்.எக்ஸ்.-8, ஹோண்டா எஸ்2000, 2005 முதல் 2014 வரையிலான ஃபோர்ட் மஸ்டாங், ஃபெராரி 458 வரை இந்தப் பட்டியலில் உண்டு. பணக்காரக் கார், சாதாரணக் கார் என்ற வித்தியாசமே இல்லை, டப்பா ஒரே இடத்திலிருந்து போயிருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஃபோர்டும் மஸ்டாவும் சேர்ந்து, இன்னும் மாற்றப்படாத நான்கரை லட்சத்துக்கு மேற்பட்ட கார்களின் உரிமையாளர்களிடம் "ஓட்டவே ஓட்டாதீர்கள்" என்று சொன்னார்கள். அதில் ஆர்.எக்ஸ்.-8 இருந்தது, மஸ்டாங் இருந்தது. அந்த ஆர்.எக்ஸ்.-8-ல் சில 2004 மாடல், அப்போதே இருபது வயது.

இவ்வளவு காலம் ஏன் என்று கேட்டால், காரணம் ஒன்றல்ல. கோடிக்கணக்கில் ஒரு பாகத்தைத் திடீரென்று செய்ய எந்தத் தொழிற்சாலையும் தயாராக இல்லை. ஆட்டோலிவ், டி.ஆர்.டபிள்யூ., டைசெல் போன்ற போட்டிக் கம்பெனிகளிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. இன்னொருவர் டப்பாவை எடுத்து அப்படியே மாட்டிவிட முடியாது. பையின் மடிப்பு, ஸ்டீயரிங்கின் ஆழம், வாயு வெளிவரும் வேகம் எல்லாம் மாடலுக்கு மாடல் வேறு, ஒவ்வொன்றுக்கும் புதிதாக வடிவமைத்துப் பரிசோதிக்க வேண்டும். லட்சக்கணக்கில் விற்ற குடும்பக் காருக்கு அந்த வேலையை முதலில் செய்வார்கள், சில ஆயிரம் மட்டும் விற்று உற்பத்தியும் நின்றுபோன இரண்டு சீட் கார் வரிசையில் பின்னால் போகும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர் அதிகம் காத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதில் இன்னொரு வேதனையும் உண்டு. நல்ல மாற்று வராத நிலையில் பல கார்களுக்கு அதே டகாட்டா டப்பாவைப் புதிதாகச் செய்து தற்காலிகமாக மாட்டினார்கள். புதியது என்பதால் சில வருடம் தாங்கும், அப்புறம் அதையும் கழற்றி மறுபடி மாற்ற வேண்டும். "எனக்குத்தான் 2015-லேயே மாற்றிட்டாங்களே" என்று நிம்மதியாக இருக்கிறவர் அது இறுதி மாற்றமா, இடைக்கால மாற்றமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் நிலைமை என்ன? ரீகால் இங்கே நீண்டகாலம் கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்தே நடந்தது, அதற்கான நடைமுறையை வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் 2012-ல் கொண்டுவந்தது. அதன்படி டகாட்டா விவகாரத்தில் பல சுற்று ரீகால் நடந்திருக்கிறது. 2017 ஜனவரியில் ஹோண்டா 41,580 கார்களை அழைத்தது, 2018 ஜனவரியில் இன்னொரு 22,834, எல்லாம் இலவச மாற்றம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம் என்று கொண்டுவந்தது, விதிகள் 2021 ஏப்ரல் முதல் அமலில் இருக்கின்றன. ஆனால் அந்த விதி ஏழு வருடத்துக்கு உட்பட்ட வாகனத்துக்கு மட்டும்தான். வயதாக ஆகக் கெட்டுப்போகிற ஒரு பாகத்துக்கு, வயதான வண்டியை விட்டுவிட்டு விதி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பத்து, பதினைந்து வயது காரில் இருப்பவருக்கு மிச்சம் இருப்பது கம்பெனி தானாக அறிவிக்கிற ரீகால் மட்டுமே. ஆனால் அப்படி அறிவித்தது என்றால் பொதுவாக இலவசமாகவே மாற்றித் தருகிறார்கள், நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்று பார்ப்பதில்லை.

கடிதம் யாருக்குப் போகும்? கம்பெனி கணக்கில் இருக்கிற உரிமையாளருக்கு, பெரும்பாலும் அது முதல் உரிமையாளர். செகண்ட் ஹேண்டாக வாங்கி மலைக்குக் கொண்டுவந்த உங்களுக்கு வராமலே போகலாம். அதனால் ஆர்.சி.யில் இருக்கிற 17 எழுத்து, எண் கொண்ட சேசிஸ் நம்பரை எடுத்து, கம்பெனியின் இந்திய இணையதளத்தில் ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேளுங்கள். ஒரு தடவை "இல்லை" என்று வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பட்டியல் வருடா வருடம் நீண்டிருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்குமதியான காராக இருந்தால் கொஞ்சம் சிக்கல். மஸ்டா இங்கே கார் விற்பதே இல்லை, உங்களை அழைக்கவும் ஆள் இல்லை. ஜப்பானுக்குள் விற்கச் செய்த கார்களின் சேசிஸ் நம்பர் 17 இலக்கமாக இருக்காது, ஆர்.எக்ஸ்.-8 என்றால் எஸ்.இ.3.பி. என்று ஆரம்பிக்கும், பின்னால் சில எண்கள். அதை அமெரிக்கத் தளத்தில் போட்டால் ஏற்காது, கம்பெனியின் ஜப்பான் தளத்தில் இருக்கிற ரீகால் தேடலில்தான் போட வேண்டும். பாகத்தை வரவழைப்பது அப்புறம் தனிப் போராட்டம்.

கோத்தகிரியில் தெரிந்த ஒருவர் சென்னையிலிருந்து ஒரு பழைய இரண்டு சீட் கார் வாங்கினார். நம்பர் போட்டுப் பார்த்ததில் ஓட்டுநர் பக்க ஏர்பேக்குக்கு ரீகால் நிலுவையில் இருந்தது. கோவையில் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் "பார்ட் இன்னும் வரலைங்க சார், வந்ததும் கூப்பிடுறோம்". கூப்பிடவே இல்லை. நடுவில் அவர் மச்சான் வந்து, "மாமா, டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரியலையே, அப்ப நல்லாத்தானே இருக்கு?" என்றார். இது பலர் நம்புகிற விஷயம், அதனால் நின்று சொல்கிறேன். அந்த லைட் பார்ப்பது மின்சுற்றை மட்டும். கம்பி அறுந்திருக்கிறதா, சென்சார் பதில் சொல்கிறதா, திரியின் மின்தடை சரியா, இவ்வளவுதான். டப்பாவுக்குள் வில்லை பொடியாகிவிட்டதா என்று அதற்குத் தெரியவே தெரியாது. சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைந்தால் சுற்று சரி, அவ்வளவுதான் அர்த்தம். சாவி போட்டபோதும் எரியவே இல்லையா, அது வேறு பிரச்சினை. பழைய விபத்தில் ஏர்பேக் வெடித்த காரை மேலுக்குச் சரிசெய்து, லைட்டைக் கழற்றிவிட்டு விற்கிறார்கள். வாங்கும்போது ஸ்டீயரிங் நடுமூடியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், பசை போட்டு ஒட்டிய மேடு, நிறம் சற்று மாறிய பிளாஸ்டிக், ஒரு பக்கம் மட்டும் இடைவெளி, இப்படி எதுவும் இருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிடலாம்.

அந்த நண்பர் அப்புறம் போனை விட்டுவிட்டு எழுத்தில் இறங்கினார். சேசிஸ் நம்பர், ரீகால் எண், எந்தெந்தத் தேதியில் யாரிடம் பேசினார் எல்லாம் போட்டு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல், சர்வீஸ் சென்டருக்கு நகல். பாகத்தை என் சேசிஸ் நம்பருக்கு ஆர்டர் போட்டாச்சா, ஆர்டர் எண் என்ன என்று கேட்டார். அப்போதுதான் ஆர்டரே போடாமல் இருந்தது தெரிந்தது. வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை, வருடத்துக்கு ஒன்று வருகிற மாடல், கவுன்டரில் இருக்கிற பையன் மறந்திருப்பான். ஆனால் காத்திருப்பவர் தலைக்கு நேராக இருக்கிற விஷயம் இது, மறதிக்கு இடம் இல்லை. "பார்ட் வரலை" என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள், ஆர்டர் எண்ணைக் கேளுங்கள்.

காத்திருக்கும்போது என்ன செய்வது? கம்பெனி "ஓட்டாதீர்கள்" என்று சொல்லியிருந்தால் ஓட்டக் கூடாது, அதில் பேச்சே இல்லை, மார்க்கெட் வரைக்கும்தானே என்றும் வேண்டாம். அப்படிச் சொல்லாமல் ரீகால் மட்டும் நிலுவையில் இருந்தால், எந்தப் பக்க ஏர்பேக் என்று பாருங்கள். பக்கத்து சீட் என்றால் மாற்றும் வரை அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள். 2014-ல் டொயோட்டா அமெரிக்காவில் பாகம் வரும் வரை சில கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக்கை டீலரே செயலிழக்க வைத்து, அந்த சீட்டில் உட்காராதீர்கள் என்று சொன்னது. ஓட்டுநர் பக்கம் என்றால் இப்படி ஒரு சுலப வழி கிடையாது. ஸ்டீயரிங்கிலிருந்து நெஞ்சு 25 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும் என்பது நல்ல ஏர்பேக்குக்கே சொல்கிற அறிவுரை, பறந்து வருகிற இரும்புக்கு அது தடுப்பாகாது. ஓட்டத்தைக் குறையுங்கள். பூட்டின கொட்டகையில், வெயில் படாமல் நிறுத்துங்கள், மேட்டுப்பாளையத்தில் கல்யாண மண்டப வாசலில் பகல் முழுக்க வேக விடாதீர்கள். முடிந்தால் பாகம் வரும் வரை வேறு வண்டி.

தயவுசெய்து நீங்களே கழற்றாதீர்கள். இருக்கை அடியிலும் ஸ்டீயரிங் அடியிலும் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரியும், அது ஏர்பேக் கம்பி என்று அடையாளம் சொல்லத்தான் மஞ்சள். பேட்டரியைக் கழற்றின பிறகும் கம்ப்யூட்டருக்குள் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும், விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் வேலை செய்ய வேண்டுமே, அதற்காக. அது தெரியாமல் கை வைத்து, திரி பற்றிக்கொண்டால் முகத்துக்கு முன்னால் வெடிக்கும். ஃபியூஸைப் பிடுங்குவதும் தீர்வல்ல, அதே ஃபியூஸில் சீட் பெல்ட் இறுக்கியும் சேர்ந்து போகலாம். புதுப்பேட்டையில் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றின ஸ்டீயரிங் பேட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது உங்கள் டப்பாவின் அதே வயது, அதே மருந்து, எந்த ஊர் வெயிலில் கிடந்ததோ தெரியாது. பெயர் தெரியாத கம்பெனியின் புது இன்ஃப்ளேட்டர் இதைவிட மோசம், அமெரிக்காவில் அப்படி மலிவாக மாட்டிய போலி இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து ஆள் இறந்ததால் 2024-ல் அரசே எச்சரிக்கை விட்டது.

பாகம் வந்துவிட்டால் வேலை பெரிதில்லை, பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கம் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய பக்கத்து சீட் என்றால் அரை நாள் வரை. காலையில் கோவைக்கு இறங்கினால் சாயங்காலம் மேலே வந்துவிடலாம். ஆனால் காகிதம் இல்லாமல் வராதீர்கள். ரீகால் எண், உங்கள் சேசிஸ் நம்பர், போட்ட பாகத்தின் எண், "இறுதி மாற்றம்" என்ற குறிப்பு, முத்திரை. கழற்றிய டப்பாவை அவர்கள் கணக்குக் காட்டித் திருப்பி அனுப்ப வேண்டும், அதைக் கடைக்கு விட்டுவிடுகிறார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அதே இணையதளத்தில் நம்பரை மறுபடி போட்டுப் பாருங்கள், நிலுவை என்று இன்னும் காட்டினால் சர்வீஸ் சென்டர் பதிவை மூடவில்லை என்று பொருள், கூப்பிட்டு மூடச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை ஆர்.சி.யோடு வைத்து, காரை விற்கும்போது வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.